பொறியியல், கணினியியல் பட்டப்படிப்பு: முதலாண்டில் நம் பிள்ளைகளைத் தனியே விடாதிருப்போம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"பல்கலைக்கழகங்களில் பொறியியல், கணினியியல் பட்டப்படிப்புகளை வலுப்படுத்துவது எப்படி?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது, "இது பேராசிரியர் யாராவது பேச வேண்டியது, நான் கடைக்காரன்" என்றேன். "பேராசிரியர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்று பேசுவார், நீங்கள் வீட்டுப் பக்கம் நின்று பேசுங்கள்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் வந்து நிற்கிறேன்.

கல்வி என்றாலே நம் மேடைகளில் அல்குவாரிஸ்மியிலிருந்து தொடங்குவோம். அல்காரிதம் என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது என்று பெருமைப்படுவோம். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் இன்று நான் பேச வந்தது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய அறிஞரைப் பற்றி அல்ல. வரும் ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் கால் வைக்கப்போகும் நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் பெரியவர்கள் இந்தச் சங்கத்தைத் தொடங்கியபோது, பல்கலைக்கழகம் என்பது பேருந்தில் போகும்போது பார்க்கிற கட்டடம். 1980-ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து தேசியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1981-ல், நாட்டுக்குப் பொறியாளர்கள் தேவை என்பதற்காகவே, ஜூரோங்கில் பழைய நன்யாங் வளாகத்தில் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. அதுதான் 1991-ல் இன்றைய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. தேசியப் பல்கலைக்கழகத்தில் கணினியியலுக்கென்று தனிப்புலம் 1998-ல் வந்தது. 2009-ல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், 2012-ல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் என்று இன்று ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

ஆக, வாசல் அகலமாகிவிட்டது. நம் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். பாலிடெக்னிக் படித்துவிட்டுப் போகிறார்கள், தொடக்கக் கல்லூரி வழியாகவும் போகிறார்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததும் உறவினர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பிரியாணி போடுகிறோம். என் கேள்வி அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான்.

என் கடை சிம் லிம் டவரில் இருக்கிறது. மின்னணு உதிரிப்பாகங்கள் விற்கிறேன். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சென்சார், சிறிய மோட்டார், ஆர்டுவினோ போர்டு. பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் செயல்திட்டங்களுக்கு வேண்டியதை வாங்க அங்கேதான் வருவார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு விதமான பிள்ளைகள் வருவார்கள். ஒருவர் தொடக்கக் கல்லூரியிலிருந்து போனவர். கணக்கில் புலி. ஆனால் எல்.இ.டி. விளக்கைக் கையில் கொடுத்தால், "இதில் எது பாசிட்டிவ்?" என்று கேட்பார். நீளமான கால்தான் பாசிட்டிவ் என்று காட்டிக் கொடுப்பேன். இன்னொருவர் பாலிடெக்னிக்கிலிருந்து போனவர். ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் பார்த்தே எத்தனை ஓம் என்று சொல்லிவிடுவார். சால்டரிங் செய்து பழகிய கை. ஆனால் "கணக்கு எப்படிப் போகிறது?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். முதல்வரின் குறையைக் கடைக்காரன்கூட ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். இரண்டாமவரின் குறை அப்படியல்ல. அது வெளியே தெரியாது. அவரும் சொல்லமாட்டார்.

இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். என் தம்பியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அவனும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறான்.

அவன் பாலிடெக்னிக்கில் என்னைவிட நன்றாகப் படித்தவன். நான் டிப்ளோமாவோடு கடைக்கு வந்துவிட்டேன். அவனாவது பட்டம் வாங்கட்டும் என்று வாப்பா ஆசைப்பட்டார்கள். தேசிய சேவை இரண்டு ஆண்டு முடித்து, கணினியியலில் சேர்ந்தான். டிப்ளோமா படித்தவன் என்பதால் சில முதலாண்டுப் பாடங்களிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஒரே சந்தோஷம். இத்தனை பாடம் குறைந்தால் இத்தனை வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போட்டேன். வியாபாரி புத்தி அப்படித்தான் போகும்.

அந்த விலக்கு அவனை நேராக ஆழத்தில் இறக்கிவிட்டது. கணக்குப் புத்தகத்தைத் தொட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. விடை கண்டுபிடிக்கும் கணக்குதான் அவன் படித்தது. அங்கே நிறுவிக் காட்டும் கணக்கு. விரிவுரை மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான். மாலை ஆறு மணிக்கு என் கடைக்கு வந்து ஒன்பது வரை நிற்பான், ஏனென்றால் நான் வரச்சொன்னேன். இரவு எல்லாரும் தூங்கியபின் கூடத்தில் தனியாக உட்கார்ந்து படிப்பான். முதல் தவணையில் இரண்டு பாடத்தில் தேறவில்லை. வீட்டில் சொல்லவில்லை. இரண்டாவது தவணையில் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவான், ஆனால் வகுப்புக்குப் போகமாட்டான். நூலகத்திலும் உணவங்காடியிலும் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைக்கு வருவான். கடிதம் வீட்டுக்கு வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வாப்பா கோபப்படவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வாப்பா" என்று மட்டும் சொன்னார்கள். நான்தான் கத்தினேன். அவன் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "காக்கா, யார்கிட்ட கேக்குறதுன்னே எனக்குத் தெரியல."

அவன் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தையாவது அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இதற்குப் பிறகுதான், இந்தப் படிப்புகளை எப்படிப் பலப்படுத்துகிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: புதிய கட்டடமும் புதிய ஆய்வுக்கூடமும் வேண்டியவைதான். ஆனால் முதலாண்டு பலமாக இருந்தால்தான் அதற்கு மேல் உள்ளவை நிற்கும். மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, அறிமுகப் பாடம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஹார்வி மட் என்று ஒரு சிறிய கல்லூரி. 2006 வாக்கில் அங்கே கணினியியல் எடுத்தவர்களில் பெண்கள் ஏறத்தாழ 10 சதவீதம்தான். முன்பே நிரல் எழுதத் தெரிந்த மாணவர்கள் வகுப்பில் வாய் நிறையப் பேசுவார்கள். தெரியாதவர்கள், "நமக்கு இது வராது" என்று ஒதுங்கிவிடுவார்கள். கல்லூரி என்ன செய்தது? அறிமுகப் பாடத்தை இரண்டு பிரிவாக்கியது. முன் அனுபவம் இல்லாதவர்களுக்கு ஒன்று, இருப்பவர்களுக்கு ஒன்று. ஜாவாவுக்குப் பதில் பைத்தான் மொழியில் கற்பித்தது. பாடத்தை எளிதாக்கவில்லை, பயத்தைத்தான் எடுத்தது. முதலாண்டு மாணவிகளைக் கணினித்துறைப் பெண்களின் மாநாட்டுக்கும் அழைத்துப் போனது. சில ஆண்டுகளில் பெண்களின் பங்கு 40 சதவீதத்தை எட்டியது. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "கம்ப்யூட்டர் உனக்குக் கஷ்டம்மா" என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

நம் ஊரிலும் இந்தச் சிந்தனை இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தில் 2014 முதல், முதல் தவணையின் மதிப்பெண்கள் மாணவரின் சராசரியைக் கெடுக்காதபடி ஏற்பாடு செய்தார்கள். விழுந்து எழுந்து பழக ஓர் அவகாசம். அங்கே கணினியியலின் அறிமுகப் பாடங்களில் ஒன்றில், அதே பாடத்தை முன்பு படித்துத் தேறிய மூத்த மாணவர்களே சிறு குழுக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களை 'அவெஞ்சர்' என்று அழைப்பார்களாம். பேராசிரியரிடம் கேட்கத் தயங்குகிற கேள்வியை ஒரு வயது மூத்தவரிடம் கேட்டுவிடலாம் அல்லவா? தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் தொடக்கத் தவணைகளில் சுமார் 50 பேர் கொண்ட குழுவாக ஒரே வகுப்பறையில் படிக்கிறார்கள். ஒருவன் இரண்டு நாள் வரவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கணிதம். ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம். நுண்கணிதத்தை முடித்தால்தான் பொறியியல் பாடங்களுக்குள் நுழைய முடியும் என்ற நிலை அங்கே இருந்தது. பலர் அந்த வாசற்படியிலேயே விழுந்து, பொறியியலின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனார்கள். 2004-ல் அவர்கள் ஒரு புதிய முதலாண்டுப் பாடம் தொடங்கினார்கள். பொறியாளனுக்கு உண்மையில் தேவைப்படும் கணிதத்தை மட்டும் எடுத்து, பொறியியல் ஆசிரியர்களே, பொறியியல் உதாரணங்களோடு, ஆய்வுக்கூடத்தில் வைத்துக் கற்பித்தார்கள். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்ததும் கணக்கு கைக்கு வந்தது. படிப்பை முடிப்பவர்கள் கூடினார்கள். வேறு பல கல்லூரிகளும் அந்த முறையை எடுத்துக்கொண்டன.

பாலிடெக்னிக் பெற்றோர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. உயர்நிலைக் கணிதம் படிக்காமல் போகிறவர்களுக்காக இங்கேயும் இணைப்புப் பாடங்கள் இருக்கின்றன. அவற்றை அவமானமாக நினைக்காதீர்கள். விலக்குக் கொடுக்கிறார்கள் என்பதற்காக அடிப்படைப் பாடங்களையெல்லாம் விட்டுவிடவும் வேண்டாம். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அதே வழியில் போன ஒரு மூத்த மாணவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நான் மிச்சப்படுத்திய வெள்ளி எனக்கு மிகவும் விலை கூடிய வெள்ளி.

மூன்றாவது, கைவேலை. தொழில்நுட்பக் கழகத்தில் பல பட்டப்படிப்புகளில் 8 மாதம் முதல் 12 மாதம் வரை நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே படிக்க வேண்டும். தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினியியல் புலத்தில் தவணை முடிவில் மாணவர்கள் குழுவாகச் செய்த செயல்திட்டங்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில்தான் பாலிடெக்னிக் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நிற்பார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வரும்வரை அவர்கள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

பிள்ளைகளை மலேசியாவுக்கோ தமிழகத்துக்கோ பொறியியல் படிக்க அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1989-ல் வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று ஏற்பட்டது. ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை இன்னொரு நாடு சமமாக மதிப்பதற்கான ஏற்பாடு அது. சிங்கப்பூர் 2006-லும், மலேசியா 2009-லும், இந்தியா 2014-லும் முழு உறுப்பினர்கள் ஆயின. ஆனால் அங்கீகாரம் கொடுப்பது கல்லூரிக்கு அல்ல, அந்தந்தப் படிப்புக்கு. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. கட்டணம் கட்டும் முன் கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள். "இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை?" என்று கேளுங்கள்.

இதுவரை சொன்னவை பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியவை. நம் கையில் என்ன இருக்கிறது?

யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970-களில் பெர்க்லியில் இருந்தார். அங்கே கறுப்பின மாணவர்கள் முதலாண்டு நுண்கணிதத்தில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "ஆர்வம் இல்லை, வீட்டில் படிப்புச் சூழல் இல்லை, அடிப்படை போதாது" என்று எல்லாரும் காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் அதை நம்பிவிடவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன மாணவர்கள் 20 பேர் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். சொன்ன காரணங்கள் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளும் ஒழுங்காகத்தான் உழைத்தார்கள். வீட்டார் அவர்கள்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்தபின் இரவில் ஒன்றாகக் கூடி, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லையென்றால், அது கணக்கின் கடினம், தன் மூளையின் குறையல்ல என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருந்தவனுக்கு அது தெரியவில்லை.

டிரைஸ்மன் துணைப்பாட வகுப்பு வைக்கவில்லை. நன்றாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கான குழு என்று அழைத்தார். இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடச் செய்தார். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் தேறினார்கள்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். தம்பி நள்ளிரவில் கூடத்தில் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது.

ஊரில் விருந்தென்றால் நாம் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். புதிதாக வந்த விருந்தாளிக்கு எந்தப் பக்கம் கை வைப்பது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவர் ஒரு துண்டு கறியை அவர் பக்கம் நகர்த்திவைப்பார். தொழிலில் புதிதாக வந்தவனுக்கும் அப்படித்தான் கடனுக்குச் சரக்குக் கொடுத்து, ஆள் காட்டிக் கொடுத்துக் கைதூக்கிவிட்டோம். படிப்பில் மட்டும் பிள்ளையை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, "தொந்தரவு செய்யாதீர்கள், படிக்கிறான்" என்கிறோம்.

அதனால் இந்தப் பொன்விழா ஆண்டில் சங்கத்திடம் நான் கேட்பது பெரிய நிதி அல்ல. 1950-களில் நன்யாங் பல்கலைக்கழகம் கட்டியபோது, சீன சமூகத்தில் செல்வந்தர் மட்டுமல்ல, டிரைஷா ஓட்டியவர்களும் தங்கள் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். நான் கேட்பது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

நம் மாடி அறை சனி, ஞாயிறு மாலைகளில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்துவிடுங்கள். மஃரிப் முதல் இரவு பத்து மணி வரை. பெரிய மேசைகள், இரண்டு வெள்ளைப் பலகை, இணைய இணைப்பு. எந்தப் பல்கலைக்கழகம் என்றாலும் சரி, பொறியியலும் கணினியியலும் படிக்கும் நம் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், முதலாண்டு முதல் இறுதியாண்டு வரை வந்து உட்காரட்டும். இதற்கு 'பலவீனமானவர்களுக்கான வகுப்பு' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். வைத்தால் யாரும் வரமாட்டார்கள். மூத்தவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும். கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கேள்வி தானாக வரும்.

பெற்றோர்களிடமும் என்னைப் போன்ற அண்ணன்மார்களிடமும் மூன்று வேண்டுகோள். பிள்ளையிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன், "யாரோடு படிக்கிறாய்?" என்று கேளுங்கள். முதலாண்டிலாவது கடை வேலையைக் குறைத்துக் கொடுங்கள். நம் பரிசளிப்பு விழாவில் முதல் வகுப்பு வாங்கியவர்களை மட்டும் மேடையேற்றாமல், ஒரு தவணை தோற்று மீண்டும் எழுந்து முடித்தவர்களையும் அழையுங்கள். அவர்கள் பேசினால்தான் மற்ற பிள்ளைகள் வாய் திறப்பார்கள்.

இந்த உரையை எழுதி முடித்ததும் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். இப்போது அவன் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்பராக இருக்கிறான். மறுபடி படிப்பானா என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்பதில்லை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சனிக்கிழமை நான் வந்து கதவைத் திறந்து, மேசையெல்லாம் போட்டு, டீ வாங்கி வைக்கிறேன். கணக்கு மட்டும் என்கிட்ட கேக்க வேணாம்னு சொல்லிடுங்க காக்கா" என்றான்.

கதவைத் திறக்க ஆள் கிடைத்துவிட்டது. கணக்குச் சொல்லிக்கொடுக்க மூத்த மாணவர்கள் நாலைந்து பேர் வேண்டும். உங்கள் வீட்டில் மூன்றாம், நான்காம் ஆண்டு படிப்பவர்கள் இருந்தால், இன்று போகும்போது அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணை தொடங்கும் முதல் சனிக்கிழமையே ஆரம்பிப்போம்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.